கஞ்சி இல்லாத இருபது வேட்டிகள்

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடைக்கு சேல்ஸ்மேனாக வந்த நான்காம் வருடம் நான் செய்த முட்டாள்தனம் இது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் படிக்கலாம்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பு பாலராமபுரத்து நெசவாளர் ஆறுமுகம் இருபது வேட்டிகளோடு வந்தார். சாதாரணமாகத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒற்றை நூலாக இருக்கும். அறுந்துவிடாமல் இருக்க அதற்குக் கஞ்சி போட்டே ஆகவேண்டும். இவர் நூலை இரட்டையாக முறுக்கி, கஞ்சியே இல்லாமல் நெய்திருந்தார். கரை பழைய கரைதான். தொட்டால் மட்டும் வாழைக் குருத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தொட்டவுடனே பிடித்துவிட்டது.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "என்னவே இது, மொடமொடப்பே இல்ல? புதுக் கோடித் துணின்னு எவன் நம்புவான்?"

நான்தான் கெஞ்சினேன். ஓணம் வரை வைத்துப் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்து ஆறுமுகம் என்னிடம் சொன்னார்: "இது வித்துட்டா தறிய இதுக்கே மாத்திருவேன். இல்லைன்னா பழைய பாவுதான். இன்னொரு மட்டம் பரீட்சை பாக்க எனக்கு வகை இல்ல."

வேட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிப் பார்ப்பார்கள். இந்த வேட்டியை நெருடியவுடன் முகம் மாறும். "இது ஆரோ உடுத்து அலக்கின முண்டல்லே?" என்று ஒரு மலையாளி வாத்தியார் நேராகவே கேட்டுவிட்டார். துவைத்த பழந்துணியை நான் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

பக்கத்தில் ஸ்ரீவராகத்திலிருந்து வந்த ஒரு மாமி மட்டும் விரலை எடுக்கவில்லை. "கஞ்சி போடலையா?"

"இல்ல மாமி."

"சோத்துக் கஞ்சின்னா பத்து, மடிக்கு ஆகாது. கோடி வேஷ்டிய நாலு தடவை அலசினாத்தான் பூஜைக்கு மடியா உடுத்திக்கலாம். இது நன்னாருக்கே. ஒண்ணு குடுங்கோ, ஆத்துல கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

இரண்டு வாரமாகியும் மாமியைக் காணோம். வேறு ஒன்றுகூடப் போகவில்லை. இப்படியே போனால் ஆறுமுகம் பழைய பாவுக்கே திரும்பிவிடுவார். யாரையும் கேட்காமல், மீதிப் பத்தொன்பதையும் சலவைக்காரரிடம் கொண்டுபோய்க் கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு வாங்கி வந்தேன். இரண்டே நாளில் ஏழு போயிற்று. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆறுமுகம் வந்தார். ஏழு போனதைச் சொன்னேன். கஞ்சியைச் சொல்லவில்லை.

"அப்பம் தறிய மாத்திரலாம்லா?" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மாமி படியேறி வந்தார். "அடுத்த மாசம் மாமனாருக்கு சதாபிஷேகம். வைதீகாளுக்குக் குடுக்க அந்த வேஷ்டி பத்து வேணும்."

பத்தை எடுத்து வைத்தேன். மாமி ஒன்றைத் தொட்டார். கையை இழுத்துக்கொண்டார். "இது அது இல்லை. கஞ்சி இருக்கு."

ஆறுமுகம் கிட்டே வந்து தன் வேட்டியைத் தானே நெருடிப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"நான் எதை எடுக்கணும்னு ஆறு மாசம் பாடுபட்டனோ, அதையே போட்டு வித்திருக்கீரு," என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு மாமியிடம், "அடுத்த மாசம்தானே? புதுசா நெய்ஞ்சு தாறேன்," என்றார்.

"ஆத்துக்கே கொண்டு வந்துடுங்கோ. இவர் கையில குடுக்க வேண்டாம்."

பிறகு முப்பது வருடம் துணி விற்றேன். ஒரு துணி போகாவிட்டால், அது யாருக்கு வேண்டியிருக்கும் என்று தேடிப் பார்ப்பேன். நெய்தவரைக் கேட்காமல் எதையும் மாற்றியதில்லை.

ஆறுமுகம் தறியை மாற்றினார். ஸ்ரீவராகத்துக்கு மூட்டையோடு எங்கள் கடை வழியாகத்தான் போவார். பார்த்தால் சிரிப்பார். மூட்டையை மட்டும் எங்கள் கடையில் இறக்கவே இல்லை.