பதினெட்டு வீட்டுக்கு ஒரே கடிதம்

கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய பிள்ளையைக் கம்ப்யூட்டர் பக்கம் தனியாக விடக் கூடாது. பத்து வயதில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் நாலே நாலு கட்டளை கற்றுக்கொண்டு வந்திருந்தேன். அதற்கே வீட்டில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் வரிசையிலேயே கம்ப்யூட்டர் இருந்தது பக்கத்து வீட்டில், என் மாமாவிடம் மட்டும்தான்.

மாமா அம்மாவுடைய அண்ணன். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில். அந்தத் தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. லைனில் இருந்த பதினெட்டுக் குடும்பமும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. ஒவ்வொரு வீட்டாரின் வாக்குமூலத்தையும் எழுதிக் கைநாட்டு வாங்கி வந்தால் கோர்ட்டில் வைக்கலாம் என்றார் வக்கீல். மாமா ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் போய், அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்து வந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றியதும் குறிப்புத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். "அதான் உள்ள போயிருச்சே, இனிமே கரையான்கூட அரிக்காது" என்பார்.

பதினெட்டில் ஒன்றுதான் வழக்குக்கே உயிர். பதினாலாம் நம்பர் வீட்டுத் தாத்தா, பழைய வெள்ளைக்காரத் துரையின் டிரைவர். 'இந்த வீடுகள் உங்களுக்குத்தான்' என்று துரை வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். அவர் சொன்னதை மாமா எழுதி வந்த மறுவாரமே தாத்தாவுக்கு வாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. காது மட்டும் நன்றாகக் கேட்டது. "நல்ல வேளை, முந்திக்கிட்டோம்" என்று மாமா மாமியிடம் பெருமூச்சு விட்டார். அச்செடுத்து, படித்துக் காட்டி, இடது பெருவிரலை ஒத்தினால் வேலை முடிந்தது.

மாமா கம்ப்யூட்டரையும் ஆபீஸ் மாதிரியே நடத்தினார். ஆபீசில் பெயர் எழுதுவது கோப்பின் அட்டையில்; உள்ளே இருப்பது வெறும் கடிதம். அதனால் வீட்டு நம்பர் போட்டுப் பதினெட்டு போல்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு பைல். பதினெட்டு பைலுக்கும் ஒரே பெயர்: சூராட். மலாய் மொழியில் கடிதம் என்று அர்த்தம்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மாமா வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். எனக்கு அந்தப் பதினெட்டு போல்டரையும் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு தாளுக்கு ஒரு பெட்டியா, அநியாயம்! 'டெங்கில்' என்று ஒரு போல்டரை உண்டாக்கி, எல்லாக் கடிதத்தையும் வரிசையாக அதற்குள் காப்பி செய்தேன். அந்தக் காலத்து மெஷின் நம்மை எதுவும் கேட்காது. அதே பெயரில் இன்னொன்று வந்தால், முதலில் இருந்ததன் மேலேயே எழுதிவிடும். இது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு பைல் காப்பி ஆயிற்று என்று திரையில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பழைய போல்டர்களை எல்லாம் அழித்தேன். இடம் கிடைத்ததே என்று ஒரு கார் ரேஸ் கேமையும் ஏற்றினேன்.

சாயங்காலம் மாமா வந்து உட்கார்ந்தார். "பாப்பா, போல்டரெல்லாம் எங்கம்மா?"

"எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி வச்சிட்டேன் மாமா. டெங்கில் உள்ள பாருங்க."

பார்த்தார். ஒரே ஒரு கடிதம் இருந்தது, கடைசியாக நான் காப்பி செய்த பதினெட்டாம் நம்பர் வீட்டுடையது. சனிக்கிழமை வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "அழிஞ்ச இடத்துல கேம் ஏறிடுச்சு அங்கிள். இனி வராது லா" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அறையவில்லை. அந்த ஒற்றைக் கடிதத்தை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருந்தார். மாமி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு டெங்கிலுக்குப் போனார். லைனில் எல்லாரையும் கூட்டி, "நான்தான் கை தவறி அழிச்சிட்டேன், மன்னிச்சிருங்க. மறுபடியும் சொல்லுங்க" என்றார். அப்பாடா, தப்பித்தோம் என்று எனக்கு உயிர் வந்தது. பதினாறு வீட்டாரும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பச் சொன்னார்கள்.

கடைசியாகத் தாத்தா வீடு. நினைவிலிருந்து எழுதிய தாளை மாமா அவருக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். பங்களா வாசலில் வைத்துத் துரை சொன்னார் என்ற இடத்தில் தாத்தா 'இல்லை' என்று தலையை ஆட்டினார்.

"ஆபீஸ்லயா?" இல்லை. "ஸ்டோர்கிட்டயா?" அதுவும் இல்லை. மாமா தனக்குத் தெரிந்த இடத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தார். தப்பு இடத்திலா, நாளிலா, துரையின் பேச்சிலா என்றே தெரியவில்லை. தாத்தா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். எச்சில்தான் வழிந்தது. அழுதுவிட்டார்.

தாத்தாவின் மருமகள் அவர் விரலைப் பிடித்து மையில் அழுத்தினாள். "ஒத்திக்குங்க அண்ணே. யாரு வந்து கேக்கப் போறா?"

மாமா தாளை இழுத்துக்கொண்டார். "அவரு இல்லேங்கறாரேம்மா. நான் எப்படி ஆமான்னு போடுறது?"

எனக்கு மாமா மேல்தான் கோபம் வந்தது. ஒரு விரல், ஒரு நிமிஷம். நானாக இருந்தால் ஒத்தியிருப்பேன்.

வழக்கு தோற்றது. லைனை இடித்தார்கள். பதினெட்டுக் குடும்பத்தையும் ஒரே கூரைக்குக் கீழே பலகை அடித்துத் தடுத்த நீளவீடுகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தாத்தா அங்கே போய் ஒரு மாதம்கூட உயிரோடு இருக்கவில்லை.

தீபாவளிக்கு லைன்காரர்கள் வருஷா வருஷம் ஒரு லோரி பிடித்து மாமா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த வருஷமும் மாமி அதே அளவுக்குத்தான் பலகாரம் சுட்டு வைத்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"லோரி கிடைச்சிருக்காது" என்றார் மாமா.

கம்பெனிக்காரனிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு கிளார்க் அண்ணன் கடிதத்தை அழித்துவிட்டார் என்று டெங்கில் முழுக்கப் பேச்சாகியிருந்தது. என் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். பாவி மனுஷன், சாகிறவரை சொல்லவில்லை. இதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரிந்தது? லோரி கிடைக்கவில்லை என்பதை அப்படியே நம்பினேன். மாமா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மதியம்வரை கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் எனக்கே மிச்சம் என்று நான் முறுக்குத் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.