பனியில் போன வசந்த விடுமுறை

என் தம்பி ஆர்விட் பத்தொன்பது வயதில் கப்பலேறினான். இரும்புத்தாது ஏற்றும் ஏரிக் கப்பல். ஏரி என்றுதான் பெயர், எங்கள் கரையில் நின்றால் மறுகரை தெரியாது. மார்ச் கடைசியில் பனிக்கட்டி உடைந்ததும் போவான், ஜனவரியில் துறைமுகம் உறைந்ததும் திரும்புவான். எஞ்சின் அறையில் வேலை. வந்தால் இரண்டு நாள் தூங்குவான். பிறகு யார் வீட்டில் எது உடைந்து கிடக்கிறது என்று சுத்தியலோடு தேடிக்கொண்டு அலைவான். நல்லவன். ஆனால் நல்லவனாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு குடும்பம் ஓடாது. வருடத்தில் ஒன்பது மாதம் கொரின் தனியாகத்தான் பனி வாரினாள், தனியாகத்தான் பிரசவ வலியில் காரை ஓட்டிக்கொண்டு போனாள். கடைசியில் தனியாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தாள். கத்தல், கூச்சல் எதுவும் இல்லை. மகள் டில்டாவைக் கூட்டிக்கொண்டு நான் இருக்கும் ஊருக்கே வந்து மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆர்விட் துறைமுகத்திலேயே தங்கிவிட்டான். நடுவில் இரண்டு மணி நேரக் காட்டுப்பாதை. குளிர்காலத்தில் அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் நம்புவதில்லை.

நீதிமன்றம் அவனுக்குக் கொடுத்தது இதுதான்: கரையில் இருக்கும் மாதங்களில் ஒன்றுவிட்ட வாரக் கடைசி, அதோடு பள்ளியின் வசந்த விடுமுறை முழுவதும்.

இந்த வருடம் வாரக் கடைசிகள் கைக்கு வரவில்லை. கப்பல் கம்பெனி அவனை வேறொரு துறைமுகத்துக்கு வெல்டிங் வேலைக்கு அனுப்பிவிட்டது. அவன் திரும்பியபோது பனிப்புயல் தொடங்கிவிட்டது. பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததில் மகளை அவன் பார்த்தது இரண்டே முறை, இரண்டும் என் வீட்டுச் சமையலறையில். அவளுக்கு ஒன்பது வயது. முதுகை நேராக வைத்து உட்கார்ந்துகொண்டாள். ஏலக்காய் ரொட்டியை அவன் அவள் பக்கம் நகர்த்தினால் "ரொம்ப நன்றி" என்றாள். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லா இருக்கு, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். பல் டாக்டரிடம் பேசுவது போல.

அவள் போன பிறகு ஆர்விட் மேசையைத் துடைத்தான். சுத்தமாக இருந்த மேசையை மறுபடியும் துடைத்தான்.

"பயப்பட்டாக்கூடப் பரவாயில்லக்கா," என்றான். "மரியாதையா இருக்கா. அதைத்தான் தாங்க முடியல."

"லீவுல ஒரு வாரம் உன் காட்டுக் குடிசையில உன்கூட இருக்கப் போறாளே. பழகிடுவா."

"அதை நம்பித்தான் இருக்கேன். அடுப்பு ஒண்ணு, அறை ஒண்ணு. எத்தனை நாளைக்கு மரியாதையா இருக்க முடியும், சொல்லு?"

அந்த வாரத்துக்காக அவன் செய்யாத ஏற்பாடு இல்லை. குடிசையின் கூரையிலிருந்து பனியைத் தள்ளினான். அவளுக்கு ஏணி வைத்த மேல்படுக்கை அடித்தான். மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும் பருவம், வாளிகள் மாட்டி வைத்தான். சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்க நாள் முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டும். பேசாமல் நிற்க முடியாத வேலை அது. கப்பல் கம்பெனிக்கும் சொல்லிவிட்டான்: விடுமுறை முடிந்த திங்கள்கிழமையிலிருந்து எந்தக் கப்பலுக்கும் தயார். ஏப்ரல் நடுவில் கிளம்பும் கப்பலில் ஓர் இடம் இருந்ததாம், அதை வேறொருவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். காலண்டரில் விடுமுறை அச்சாகியிருக்கிறதே, அப்புறம் எதற்குத் தாமதிக்க வேண்டும் என்று.

இங்கே பிள்ளை வளர்த்த யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். செப்டம்பரில் பள்ளி கொடுக்கும் காலண்டரில் வசந்த விடுமுறையைப் பென்சிலால் போட்டது போலத்தான் நாங்கள் பார்ப்போம். பனி எத்தனை நாள் பள்ளியை மூடுகிறதோ, அத்தனையையும் வசந்தத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஆர்விட் பள்ளிக்கூடத்தின் வசந்த விடுமுறையைப் பார்த்ததே இல்லை. டில்டா பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்தில் அவன் எஞ்சின் அறைக்குள் இருந்தான்.

மார்ச் நடுவில், பள்ளி பெற்றோருக்கு அனுப்பும் பச்சை அறிவிப்புத் தாள் வந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று டில்டாவுக்கு என் பெயர்தான் பதிவாகியிருக்கிறது, அதனால் எனக்கும் ஒன்று வரும். மேலே துலிப் பூக்கள், நடுவில் பெரிய எழுத்தில் "வசந்தம் வந்துவிட்டது, குடும்பங்களே!" என் சமையலறை ஜன்னலின் பாதிவரை பனி நின்றுகொண்டிருந்தது. சேறு வருகிறது, மாற்றுக் காலணி அனுப்புங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் கையுறைகளை மேசையில் பரப்பியிருக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பேன் பார்க்க மறக்காதீர்கள். வெள்ளிதோறும் பெற்றோர் சங்கத்தின் மீன் வறுவல் விருந்து. அதற்குக் கீழே, மீன் வறுவலைச் சொன்ன அதே குரலில்: பனியால் இழந்த நாட்களை ஈடுகட்ட, வசந்த விடுமுறை வாரத்தில் பள்ளி நடைபெறும். புனித வெள்ளி மட்டும் விடுமுறை. உங்கள் புரிதலுக்கு நன்றி.

போன் செய்து படித்துக் காட்டினேன். ஆர்விட் இன்னொரு முறை படிக்கச் சொன்னான்.

"அது எங்க ஸ்கூலுக்கு இல்லல்ல?"

"உன் பொண்ணோட ஸ்கூலுக்குத்தான்டா."

"காலண்டர்ல போட்டிருக்கே!"

"மார்ச் லீவை நம்பி எவனாவது கப்பலுக்கு நாள் குடுப்பானா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"லீவுன்னா லீவுதானேக்கா," என்றான். அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பள்ளி அலுவலகத்தில் வந்து நின்றான். நானும் போனேன். தனியாக விட்டால் கெஞ்சுவான், இல்லையென்றால் எதையாவது பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான். பெல்கியம்மாதான் அங்கே செயலாளர். பச்சைத் தாளை அச்சடிப்பதும் அவர், காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் போர்வை போடுவதும் அவர்.

"பள்ளிக் கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணாங்க, ஆர்விட். எல்லாரும் வரலாம்னு வாசல்லயே ஒட்டியிருந்தோம். வந்தது நானும் காவல்காரரும்தான்."

"ஒரு வாரம் அவளை மட்டும் அனுப்பிடுங்க. பாடத்தை நானே சொல்லித் தர்றேன்."

"நீ பின்னக் கணக்கு சொல்லித் தருவியா?" என்றேன்.

"நீ சும்மா இரு, அக்கா."

பெல்கியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "காது வலின்னு பிள்ளை ஏற்கனவே நிறைய லீவு எடுத்தாச்சு. இனிமே விட்டா மாவட்டக் கல்வி ஆபீஸ்லேருந்து விசாரிக்க ஆள் வருவாங்க. உன் வீட்டுக்கு இல்ல. கொரின் வீட்டுக்கு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொரினுக்கு இன்னொரு தொந்தரவு கொடுக்க அவனால் முடியாது. கொடுத்ததெல்லாம் போதும் என்று அவனுக்கே தெரியும்.

மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் கொரினைப் பார்த்தோம். வெள்ளைக் கோட்டுக்கு மேல் குளிர்க்கோட்டு, கையில் பாதி தின்ற சாண்ட்விச்.

"நான் தடுக்கல. பனி பெஞ்சது என் குத்தமா?" என்றாள்.

"உன்னைக் குத்தம் சொல்ல வரல, கொரின்."

"தெரியும். நீ குத்தமே சொல்ல மாட்டே. அதுதான் உன்கூடப் பெரிய தொல்லை." சாண்ட்விச்சை மடித்துப் பையில் போட்டாள். "திங்கள்லேருந்து ஸ்கூல் விட்டதும் நீயே கூட்டிக்கோ. ஆறு மணிக்குள்ள வீட்டுல விட்டுடு. வெள்ளி, சனி, ஞாயிறு குடிசைக்கு கூட்டிட்டுப் போ. அதுக்கு மேல என்னால வாரத்தை இழுக்க முடியாது."

மூன்று நாள். திரும்பும் வழியில் ஆர்விட் அதைப் பலமுறை சொல்லிக்கொண்டான். மூன்று நாளில் பாகு காய்ச்சிவிடலாம் என்றான்.

திங்கள்கிழமை என் வீட்டு சோபாவில் படுக்கையைப் போட்டான். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் கார் வரிசையில் நானும் அவனோடு உட்கார வேண்டியிருந்தது, ஏனென்றால் டில்டாவைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களில் என் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. அதுவரை பள்ளி விடும் நேரத்தில் அவன் ஒருமுறைகூட ஊரில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

"நான் அவ அப்பன்," என்றான் ஸ்டியரிங்கைப் பார்த்து.

"தெரியும். வண்டியை ஒட்டி நிறுத்து. ஆரஞ்சு சட்டை போட்டவர் கூப்பிடுற வரைக்கும் இறங்காதே. யாரும் இறங்க மாட்டாங்க இங்க."

ஆரஞ்சு சட்டைக்காரர் டூஃபெக், விளையாட்டு ஆசிரியர். டில்டா பின் இருக்கையில் ஏறினாள், பெல்ட் போட்டாள்.

"வந்ததுக்கு நன்றி."

"இன்னிக்கு என்ன படிச்சே?"

"பின்னங்கள்."

"கஷ்டமா இருந்ததா?"

"பரவாயில்ல. கேட்டதுக்கு நன்றி."

செவ்வாயும் புதனும் இப்படியே. என் சமையலறையில் சீட்டு விளையாடினார்கள். அவன் வேண்டுமென்று தோற்றான், அவள் அதைக் கண்டுகொண்டு கவனமாகச் சிரித்தாள். ஆறு மணிக்கு முன்பே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை பாரு," என்று ஆர்விட் என்னிடம் கிசுகிசுப்பான். "வெள்ளிக்கிழமை பாரு."

புதன் மாலை அவளை விட்டுவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பனிக்கட்டி சீக்கிரம் உடைந்துவிட்டது, கப்பல் முன்னதாகக் கிளம்புகிறது. வெள்ளி காலையில் துறைமுகத்தில் இருக்க வேண்டும். ஆர்விட் ஈரக் கையோடு பேசினான். திங்கள்கிழமை என்றுதானே சொன்னேன் என்றான். எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றான். எதிர்முனை என்ன சொன்னதென்று எனக்குக் கேட்கவில்லை. "எல்லாருக்கும் பிள்ளைங்க இருக்காங்க, தெரியும், சார்," என்று இவன் சொன்னது மட்டும் கேட்டது.

"வர முடியாதுன்னு சொல்லிடு," என்றேன்.

"சொன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. டில்டாவோட மருத்துவக் காப்பீடு என் வேலையிலதான் இருக்கு. அந்தக் காது..." துண்டை எடுக்காமல் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ராத்திரி முழுக்க சோபா கிறீச்சிட்டது.

வியாழன், கார் வரிசையில், எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். வீட்டுக்குப் போய்ச் சொல், சாப்பிடக் கொடுத்துவிட்டுச் சொல் என்றேன். கேட்டானா? வாசலில் அவளுடைய நீலத் தொப்பியைப் பார்த்ததும் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். ஊர்ந்துகொண்டிருந்த கார்களுக்கு எதிராக நடந்தான். கையை வேறு தூக்கி ஆட்டினான். டூஃபெக் விசில் ஊதினார். முன்னால் போன வண்டி பிரேக் அடித்து வழுக்கியது.

"அப்பா!"

ஊரே திரும்பிப் பார்க்கும் கத்தல். டில்டா சேற்றில் ஓடி வந்தாள்.

"ஏறு! வண்டியில ஏறு! இறங்கக் கூடாது! யாருமே இறங்க மாட்டாங்க, உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

அவன் கையைத் தொங்கவிட்டு நின்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முன்கதவுக்குள் தள்ளினாள். பின்னால் ஏறிய பிறகும் ஓயவில்லை.

"எல்லாரும் பாத்தாங்க! நாளைக்கு எங்க வகுப்புல எல்லாரும் கேலி..." நிறுத்தினாள். "நாளைக்கு ஸ்கூல் இல்ல. எத்தனை மணிக்கு வருவே? சீக்கிரம் வா. வாளி நிரம்பி வழிஞ்சிடும்னு நீதானே சொன்னே. நான் பையெல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

ஆர்விட் என்னைப் பார்த்தான். திரும்பி உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். கப்பல், பனிக்கட்டி, நாளைக் காலை. மூன்று வாக்கியம்தான். சாக்குச் சொல்லாமல் சொன்னான்.

அவள் ஒரு மூச்சு எடுத்தாள். பிறகு பையைத் தூக்கி அவன் இருக்கையின் முதுகில் அடித்தாள்.

"அப்போ எதுக்கு வந்தே? எதுக்கு வந்தே? உன்னை யாரு வரச் சொன்னா? குடிசையில ஏணி எதுக்கு அடிச்சே? பொய்! எப்பவும் பொய்தான் சொல்லுவே!" காலால் உதைத்தாள். சேறு கூரை வரை தெறித்தது. அழுதுகொண்டே பெயர் சொல்லித் திட்டினாள், கப்பலைத் திட்டினாள், பள்ளியைத் திட்டினாள், மறுபடியும் அவனுக்கே வந்தாள்.

முன்னால் வரிசை காலியாகிவிட்டது. பின்னால் ஹாரன் தொடங்கியது. டூஃபெக் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"நகருங்க சார். வழி விடுங்க."

ஆர்விட் கண்ணாடியை இறக்கினான். கண்ணிலிருந்து வழிந்ததை அவன் துடைக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்றான். "என் பொண்ணு என்னைத் திட்டிட்டு இருக்கா."

டூஃபெக் பின் இருக்கையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு நடுவில் போய் நின்று, பின்னாலிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாக எங்களைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

டில்டா இன்னும் முடிக்கவில்லை.