ரூமா, கட்டிலா?

விடுதிக் கவுண்டரில் உட்காருவது என்பது, முன்பின் தெரியாத ஒருவர் எங்கே படுத்தால் நன்றாகத் தூங்குவார் என்று அவரைவிட அதிகமாகக் கவலைப்படும் தொழில். நீங்களும் சாவிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, 'இவர் ஏன் இப்படி முறைக்கிறார்?' என்று நாள் முழுக்க யோசித்தவர் என்றால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் விடுதி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே ஆறு ரூம். அது பழைய லாட்ஜ். மேலே ஒரே பெரிய ஹாலில் ஆறு அடுக்குக் கட்டில்கள், ஆக மொத்தம் பன்னிரண்டு படுக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஒரு பிளக் பாயிண்ட். ஆண்களுக்கு மட்டும். அது ஹாஸ்டல். கல்வராயன் மலைக்கு அருவி பார்க்க வருகிற வெளியூர்ப் பையன்கள் இந்த மாதிரிதான் தேடுகிறார்கள் என்று பெங்களூரில் இருக்கும் மருமகன் சொன்னதைக் கேட்டு முதலாளி ஆரம்பித்தது. வருகிறவர்களிடம் விசாரித்து மேலேயோ கீழேயோ அனுப்புவது என் வேலை.

வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மார்கழி பிறக்கும்போது இணையத்தில் மேல்மாடியின் மதிப்பு நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே இருந்தால், முதலாளி கட்டில்களைக் கழற்றிவிட்டு மாடியைச் சின்னசேலம் மக்காச்சோள வியாபாரி ஒருவருக்குக் குடோனாக விட்டுவிடுவார். அப்புறம் ஆறு ரூமுக்கு முதலாளியே போதும், நான் வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆளும் நான்தான். களமருதூரில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற என் அப்பா, கூட வேலை செய்கிற அத்தனை பேரிடமும் "எம் பையன் மேனேஜரு" என்று சொல்லி முடித்துவிட்டார். இனி அதை வாபஸ் வாங்க முடியாது.

இன்டர்வியூ

"எங்கனா லாட்ஜுல ரூம் எடுத்துத் தங்கி இருக்கியா?" என்றார் முதலாளி. இல்லை என்றேன். "ஹாஸ்டல்ல?" என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து டிகிரி முடிக்கும் வரை பத்து வருடம் அரசு மாணவர் விடுதியில் இருந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத் தப்பான தகவலால் சம்பாதிக்கக் கூடாது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. "ஆனா அங்க கட்டில் கெடையாதுங்க. பாய்தான்" என்றேன்.

முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பரவால்ல. இங்க கட்டில் இருக்குது. சேர்றதுக்கு முன்னாடியே உனக்குப் புரமோஷன்."

ஐந்து கேள்விகள்

ஆளைப் பார்த்து முடிவு செய்வது அநியாயம் என்று தோன்றியதால் ஒரு தாளில் ஐந்து கேள்விகள் எழுதி வைத்தேன். பக்கத்தில் வேறு ஆள் இருந்தால் தூக்கம் வருமா? குறட்டை உண்டா? சாமான் ஜாஸ்தியா? புது ஆட்களிடம் பேசப் பிடிக்குமா? அமைதி வேண்டுமா? பதிலுக்குத் தகுந்தபடி ரூம் அல்லது கட்டில். கல்லூரியில் நான் எழுதிய எந்தப் பரீட்சைத் தாளையும்விட இந்தத் தாளை நான் நம்பினேன்.

முதலில் சிக்கியது ஒரு கல்யாணக் கோஷ்டி. உளுந்தூர்பேட்டைப் பக்கம், மொத்தம் பதினோரு பேர். குறட்டைக் கேள்விக்கு ஒவ்வொருவரும் மற்ற பத்துப் பேருக்காகப் பதில் சொன்னார்கள். கணக்குப்படி மூன்று ரூம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் கேன் கொண்டுபோனால், ஒரே ரூமில் பதினோரு பேரும் தலைமாடு கால்மாடாகப் படுத்துக் கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது ரூமில் சீர்வரிசைத் தட்டுகள். மூன்றாவது ரூம் காலி. என் தாள் தோற்றுவிட்டதே என்ற பதற்றத்தில், ரூம் பிடிக்கவில்லையா என்று பெண்ணின் அத்தையிடம் கேட்டேன்.

"ரூமு ஷோக்கா இருக்குது தம்பி. ஒண்ணு படுக்க, ஒண்ணு சாமானுக்கு, ஒண்ணு கோவிச்சிக்கிறவங்களுக்கு. இன்னும் யாரும் கோவிச்சிக்கல, பொழுது கெடக்குது இல்ல?"

பேச வந்தவர்கள்

அதே வாரம் நான்கு பையன்கள் வந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது, இரண்டு பேர் சென்னை, இரண்டு பேர் பெங்களூர். நாலாவது கேள்விக்கு நான்கு பேரும், "அதுக்குத்தான் சார் ஹாஸ்டலுக்கே வர்றோம், புது மனுஷங்களைப் பார்க்கணும்" என்றார்கள். சந்தோஷமாக மேலே அனுப்பினேன். போனவர்கள் திரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். சாயங்காலம் வரை மாடியில் ஒரு சத்தம் இல்லை. கீழே பணம் கொடுத்துத் தனி ரூம் எடுத்தவர்கள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தாம்பரத்துக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கிறார்கள். பேசவே வந்தவர்கள் மூடிய திரைக்குள். ஒரு நட்சத்திரம் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

மேலே போய் நடுவில் நின்று, "மூணாம் நம்பர் சாருக்கு மலையேறப் பிடிக்கும். ஏழாம் நம்பர் சாருக்கும் பிடிக்கும்" என்று பொதுவாக அறிவித்தேன். ஏழாம் நம்பர் திரையிலிருந்து ஒரு தலை மட்டும் வெளியே வந்தது: "ப்ரோ, நாங்க நாலு பேரும் குரூப் ஆரம்பிச்சு மத்தியானத்துலேருந்து பேசிட்டுதான் இருக்கோம். உங்க நம்பர் குடுங்க, சேர்த்துடறேன்."

சாட்சி

போனில் ஒருவர், "உங்க ஹாஸ்டல் அமைதியா இருக்குமா?" என்றார். கேட்டவரிடம் மறைக்கலாமா? காலை நாலரைக்கே கண்டக்டர்கள் "சின்னசேலம், ஆத்தூர், சேலம்" என்று ஜன்னலுக்கு நேராகக் கூப்பிடுவதைச் சொன்னேன். நாலாம் நம்பர் கட்டில் திரும்பிப் படுத்தால் கிறீச்சிடும் என்றேன். வெந்நீர் ஆறிலிருந்து ஏழு வரைக்கும்தான், அதுவும் முதலில் போகிறவருக்கு என்றேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, "நீ இன்னா லாட்ஜுக்கு ஆள் புடிக்கிறியா, கோர்ட்டுல சாட்சி சொல்றியா?" என்றார்.

ஆனால் போன் செய்தவர் மறுநாளே பையோடு வந்து நின்றார். ஊர் ஊராகப் போய் விதை கம்பெனிக்கு ஆர்டர் எடுப்பவர். "ஜன்னல் பக்கத்துக் கட்டில் குடு தம்பி. போன்ல அலாரம் வெச்சா நிறுத்திட்டுப் படுத்துடறேன். கண்டக்டர நிறுத்த முடியாது இல்ல?"

டேப்

மக்காச்சோள வியாபாரி வெள்ளிக்கிழமைதோறும் வருவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளக்கும் டேப். மாடி இன்னும் அவருக்கு வரவில்லை, ஆனாலும் அளந்து வைப்பதில் தப்பில்லை என்பது அவர் கட்சி. போன வாரம் அளந்த சுவரையே இந்த வாரமும் அளப்பார். ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டை ஜாஸ்தியாகிவிடும். அவர் படியேறும் சத்தம் கேட்டாலே நான் போனை எடுத்து நட்சத்திரத்தைச் சரிபார்ப்பேன்.

ஒரு தடவை ஐந்தாம் நம்பரில் ஆள் படுத்திருக்கும்போதே டேப்பை நீட்டிவிட்டார். திடுக்கிட்டு எழுந்த அந்தச் சென்னைக்காரரிடம் வியாபாரி மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நீங்க படுத்துக்கினே இருங்க சார். உங்கள நாலு மூட்டைன்னு போட்டுக்கறேன்."

உள்ளேன் ஐயா

மாடியில் தங்கியிருந்த ஒருவர் காலையில் அருவி பார்க்க மலைக்குப் போனார். சாயங்காலம் வெள்ளிமலையிலிருந்து வந்த கடைசி பஸ்ஸிலும் அவர் இல்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அவர் பள்ளத்தில் கிடப்பதாகவே மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் தோளில் ஒரு பலாப்பழத்தோடு இறங்கினார். பஸ்ஸில் பழக்கமானவர் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டாராம்.

அன்றிலிருந்து நான் ஒரு நோட்டு போட்டேன். சாயங்காலம் ஆறரைக்கு மாடிக்குப் போய்ப் பெயர் கூப்பிடுவேன். பத்து வருடம் எனக்கு நடந்ததுதான், வேறு முறை எனக்குத் தெரியாது. முதல் நாளே ஒரு நட்சத்திரம்தான் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிற, முன்தலை வழுக்கையான ஒருவர் கட்டிலை விட்டு இறங்கி நேராக நின்று "உள்ளேன் ஐயா" என்றார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். அவர் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினார், ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார். போகும்போது சொன்னது: "எனக்கு நாற்பத்து மூணு வயசு சார். நான் வந்துட்டேனான்னு ஒருத்தர் நோட்டுல பார்க்கறது பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் இங்கதான்."

பன்னிரண்டாம் நம்பர்

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. வியாபாரி டேப்போடு மாடிக்குப் போனார். வெகுநேரமாக இறங்கவில்லை. ஆறரைக்கு நோட்டோடு போனால், நீளம் சரிபார்க்கப் பன்னிரண்டாம் நம்பரில் படுத்தவர் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கிறார். டேப் நெஞ்சின்மேல் கிடக்கிறது. நான் பெயர் கூப்பிட ஆரம்பித்ததும், கண்ணைத் திறக்காமலே அவரும் "உள்ளேன்" என்றார். அவர் பெயர் நோட்டில் இல்லை. இல்லாதவருக்கு வருகை போடலாமா என்று குழம்பிப்போய், கடைசியில் பென்சிலால் எழுதினேன்.

அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் அவர் கட்டில் எடுத்துத் தங்க ஆரம்பித்தார். சின்னசேலத்தில் மாடி வீடு. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு எல்லா ரூமும் காலி. ஏன் இங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வூட்ல நாலு ரூமு கீது, ஏசி கீது. தூக்கந்தான் இல்ல. இங்க மேல ஒருத்தன் பொரள்றான், பக்கத்துல ஒருத்தன் கொறட்ட விடறான். ஆளுங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா அதுபாட்டுக்குத் தூக்கம் வருதுப்பா."

முதல் இடம்

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. அதுவரை பதினோரு பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள், நாலு புள்ளி இரண்டில் நின்றது. அப்பாவுக்குப் போன் செய்து கவலைப்படாதே என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, முதலாளி செல்போனை நீட்டினார். மூன்று புள்ளி ஒன்பது. பன்னிரண்டாவதாக ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். கீழே எழுதியிருந்தது: 'மிக அருமையான தூக்கம்.' போட்டவர் நம் வியாபாரி.

அவரும் அந்த நேரத்துக்குப் பையோடு வந்து சேர்ந்தார். "பேச்சுன்னா பேச்சு. நாளைக்குக் கட்டில கழட்டறோம், மாடி உங்களுது" என்றார் முதலாளி. வியாபாரிக்கு முகம் செத்துவிட்டது. "எந்தக் கட்டில? பன்னெண்டாம் நம்பரா?" என்றார். ஒரு நட்சத்திரம் போட்டதால் வந்த வினை என்று முதலாளி விளக்கினார். வியாபாரியின் முகத்தைப் பார்த்து மனசு மாறிய முதலாளி, நட்சத்திரத்தை மாற்றச் சொல்லும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார். வாடிக்கையாளரிடம் மார்க் கேட்டு வாங்குவது சரியில்லை என்று எனக்கு வாயே வரவில்லை. கடைசியில் முதலாளியே என் வேலையைக் காப்பாற்றுகிற குரலில், அஞ்சு போடுங்கள் என்று கேட்டார்.

வியாபாரி திட்டவட்டமாக மறுத்துவிட்டார்: "ஒண்ணாவது எடம் குடுத்துட்டு அஞ்சாவது எடத்துக்கு எறக்கச் சொல்றீங்களா? படுத்த எடத்துக்குத் துரோகம் பண்ண மாட்டேன்."

புது வாடிக்கையாளர்

அரை மணி நேரம் மூன்று பேரும் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் குடோன் வேண்டும், கட்டிலும் வேண்டும். முதலாளிக்கு வாடகை வேண்டும். எனக்கு வேலை வேண்டும். பலகையில் ஆறு சாவியும் தொங்கின. மார்கழியில் கல்யாணம் இல்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் வராது. "மூட்டைய ரூம்ல வெச்சா இன்னாங்க?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். கேட்ட உடனே பயம் வந்து, பழக்க தோஷத்தில் தாளை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் தேவையில்லை. குறட்டை இல்லை. சாமான் ஜாஸ்தி, சாமானே அதுதான். புது ஆட்களிடம் பேசாது. அமைதியாக இருக்கும். குறட்டையைத் தவிர மற்ற நாலும் ரூம் என்றே வந்தன. ஐந்து மாதத்தில் என் தாள் ஒருவருக்குச் சரியாகப் பொருந்தியது அன்றைக்குத்தான்.

மூன்று ரூமில் கட்டிலை எடுத்துவிட்டுப் பலகை போட்டு மூட்டை அடுக்கினார்கள். சுமை தூக்குகிறவர்களுக்கும் மாடியேறும் கஷ்டம் மிச்சம். மாடிக்கு ஆள் வேண்டும் என்பதால் நான் இருக்கிறேன். அப்பாவும் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. முதல் லோடு இறங்கிய அன்று வியாபாரி கவுண்டருக்கு வந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, எல்லாத்தையும் ஒடச்சிச் சொல்ற ஆளு நீ. மூட்டைக்கு வெந்நி எத்தினி மணிக்குன்னு சொல்லவே இல்லியே?"

ஆகவே, பயணம் போகிற இடத்தில் ரூம் எடுப்பதா கட்டில் எடுப்பதா என்று யாராவது என்னைக் கேட்டால், நீங்கள் மக்காச்சோளமாக இருக்கும் பட்சத்தில் தயங்காமல் ரூம் எடுங்கள் என்பது மட்டும்தான் இன்றைய தேதிக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.