கருட சேவையில் குதித்த கால்

போன வாரம் கருட சேவை அன்று, நடுத்தெருவில், ஊரே பார்க்க, நான் குதித்தேன். நாற்பத்தெட்டு வயதில். கணக்கு வாத்தியார் வேறு!

காரணம் சொல்ல வேண்டுமானால் போன வருஷத்துக் கருட சேவையிலிருந்து தொடங்க வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் வைகாசி வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? பெருமாள் ஊரைச் சுற்றித் திரும்புகையில் உச்சிப்பொழுது. பெருமாளுக்கு முன்னால் பாசுரம் சொல்லிப் போகும் கோஷ்டியில் எல்லோரும் வெறுங்கால். நிழல் கண்ட இடத்துக்கெல்லாம் தாவினார்கள். நான் மட்டும் நிதானமாக நடந்தேன்.

“சுவாமிக்கு என்ன பக்தி! கால் சுடவே இல்லையே!” என்றார் பக்கத்தில் வந்தவர்.

பெருமை தாங்கவில்லை. டயரியில் எழுதியும் வைத்தேன் — ‘வெயில் என்னை ஒன்றும் செய்யவில்லை.’

செய்திருந்தது... மறுநாள் காலை என் மனைவி கூடத்தில் நின்று கூவினாள். “ஏன்னா, தரையெல்லாம் இதென்ன ஈரம்? காலைத் தூக்குங்கோ!”

வலது கட்டைவிரலின் அடியில் நெல்லிக்காய் அளவு கொப்புளம், உடைந்து கிடந்தது. வலி? துளியும் இல்லை.

ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறமாயிற்று. “நீரிழிவு. கால் நரம்பு மரத்துக்கொண்டு வருகிறது. புண் இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.”

ஆக, ஊர் மெச்சிய பக்தி — நரம்புக் கோளாறு!

அன்றிலிருந்து சோறு ஒரு கைப்பிடி. சர்க்கரைப் பொங்கலைக் கண்ணால் சேவிப்பதோடு சரி. செருப்பில்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது. “போன உணர்ச்சி திரும்புமா?” என்று கேட்டேன். “சிலருக்குத் திரும்பும்” என்றார் டாக்டர்.

நான் அந்தச் சிலரில் ஒருவனா? அதை எப்படி அறிவது?

வழி சொன்னவர் நண்பர் ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். “தறிக் குழிக்குள்ள மிதிகட்டை மிதிக்கிற கால்தான் எங்களுக்குக் கண்ணு, வாத்தியாரே. காலை நான் பார்த்துக்கிறேன்” என்று ஒரு பட்டு இழையோடு வந்து உட்கார்ந்தார். நான் கண்ணை மூட வேண்டும். அவர் இழையால் பாதத்தைத் தொடுவார். தெரிந்தால் ‘இப்போது’ என்று சொல்ல வேண்டும்.

மனைவி மடி, ஆசாரத்தை நினைத்துத் தயங்கினாள். “பட்டுதாம்மா. மடி எங்க போயிடும்?” என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

முதல் நாள் ஏழு தடவை ‘இப்போது’ என்றேன்.

“ஏழா? நல்லா இருக்குது கணக்கு! நான் தொட்டது மூணு வாட்டிதான்பா. வாத்தியாரே இப்படிப் பொய் சொன்னா பசங்க உருப்படுமா?”

வெட்கமாகப் போயிற்று. அதற்குப் பிறகு ஊகிக்கவில்லை. தினம் டயரியில் குதிகால், பாதம், விரல் என்று வரிசையாக எழுதி, தெரிந்தால் ஒரு கோடு. தெரியாவிட்டால் ஒரு சுழி. ஐப்பசியில் புண் மூடியது. விரல் பிழைத்தது. ஆனால் விரல்களுக்கு நேரே மாசி முடியும்வரை சுழி, சுழி, சுழிதான்.

பங்குனியில் ஒரு நாள் காலை... கட்டைவிரலில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது.

“இப்போது!”

“நெசமாவா? ஊகமா?”

“சத்தியமாக!”

ஏகாம்பரம் இழையை விரல் நுனியில் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் டயரியில் அன்று கோட்டைக் கொஞ்சம் நீளமாகவே போட்டேன்.

இனி போன வாரம். கோஷ்டியில் சேரவில்லை, டாக்டர் உத்தரவு. செருப்போடு ஓரமாக நின்றிருந்தேன். பெருமாள் எதிரே வந்ததும் செருப்பை உதறிவிட்டு இரண்டடி முன்னால் போய்க் கைகூப்பினேன்.

“ஐயோ! சுடறதே!”

வலது கால், இடது கால், மறுபடி வலது... குதித்தேன். அருகில் நின்ற அம்மாள் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். “போன வருஷம் எப்படி நடந்தாரு! இந்த வருஷம் பக்தி குறைஞ்சு போச்சே.”

கூட்டத்தில் ஏகாம்பரத்தின் குரல் மட்டும் உரக்கக் கேட்டது: “குதி வாத்தியாரே! நல்லாக் குதி!”

அன்றைய டயரியில் ஒரே வரி — ‘இரண்டு காலும் சுட்டன. பெருமாள் கிருபை.’

செருப்பைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்ட பிறகுதான் எழுதினேன்!