இன்னுமொரு கால் சுற்று

சல்லிக் கோயில் அம்மாளாணையாகச் சொல்லுகிறேன், கீழே உள்ளதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சைக்கிள் சப்பாத்துக்குத் திருகாணிப் புரி வெட்டுகிற தொழிலில் பொய்க்கு எங்கே இடம்? ஒன்றில் ஆணி பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிற பட்டறை என்னுடையது. கப்பலொன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சுக்கான் ஆணிக்குப் புரி வெட்டிக் கொடுத்தவன் நான். அதை நம்புகிறவர்கள் மட்டும் மேலே வாசியுங்கள்.

டொக் டொக் என்று வந்தவன்

கிண்ணியா ரிஸ்வான் என் சீமெந்துத் தரையில் டொக் டொக் என்று நடந்து வந்தான். சைக்கிள் ஓட்டப் போட்டிக்காரர் போடுகிற சப்பாத்து அது. அடியில் ஒரு கட்டை, மூன்று சின்ன ஆணிகளால் பூட்டியிருக்கும். அந்தக் கட்டை பெடலைக் கவ்விக்கொள்ளும். காலைக் கழற்ற வேண்டுமென்றால் குதியை வெளிப்பக்கம் ஒருக்காத் திருப்ப வேண்டும். வலது சப்பாத்தில் ஆணிகள் பிடிக்கிற புரி தேய்ந்து, கட்டை ஆடிக்கொண்டிருந்தது.

போன வருடம் கட்டை இப்படியே ஆடித்தான் கால் வழுக்கி, மாவட்ட அணியில் அவனுக்கு இடம் கிடைக்காமல் போனதாம். வருகிற ஞாயிறு ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவனுக்குத்தான் மிச்சமிருக்கிற ஒரேயொரு இடம். அடுத்த வருடம் வயது கூடிவிடும். வேறு சப்பாத்தும் இல்லை. கடைசல் மெசினில் நிற்கிற என் கூட்டாளி சிங்கராசாவுக்கு இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “லாடம் அடிக்கிறவனிட்டைப் போக வேண்டிய பிள்ளை, வழி தவறி எங்களிட்டை வந்திட்டுது அண்ணை.”

உருக்குச் சுருள்

தேய்ந்த ஓட்டைகளைக் கொஞ்சம் பெருப்பித்து, புதிதாகப் புரி வெட்டி, எஞ்சின் வேலைக்கு வைத்திருக்கிற உருக்குச் சுருளை, ஆணி அதற்குள் பிடிக்கும்படி உள்ளே இறக்கினேன். பிடிப்பு எப்படி என்று பார்க்க, அதில் ஓர் ஆணியைப் பூட்டி, அந்த ஆணியில் ஒரு படகு எஞ்சினைத் தொங்கவிட்டேன். எஞ்சின் தொங்கியது. கூரை வளைமரம்தான் கொஞ்சம் வளைந்தது.

இரண்டு நாளில் ரிஸ்வான் திரும்பி வந்தான். சுருள்கள் ஆணியோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தில் கிடந்தன. யாரடா இறுக்கினது என்று கேட்டேன். கூரையைப் பார்த்தான், சிங்கராசாவைப் பார்த்தான். வாசகர்களே, காஸ் சிலிண்டரையும் தண்ணீர்க் குழாயையும் இறுக்கி இறுக்கியே உடைக்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவன் சொன்ன பதில் உங்களுக்கு விளங்கும்: “நான் தொடல்ல ஐயா. வாப்பாதான், இன்னுமொரு கால் சுத்து, இன்னுமொரு கால் சுத்துண்டு இறுக்கிட்டாரு.”

வாப்பாவின் நியாயம்

அடுத்த நாள் வாப்பாவே வந்தார். மீன்பிடி வள்ளத்தில் எஞ்சின் ஓட்டிப் பழகிய, உரமான கைகள். ஆணி திருகுகிற சின்ன அலன் கீயின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, நெம்பி இறுக்கியிருக்கிறார். இந்த ஆணிக்கு மணிக்கட்டுப் பலம் காணும் என்று விளங்கப்படுத்தினேன். அமைதியாகக் கேட்டார். குடிக்கக் கொடுத்த பிளேன்டீ நல்லது என்றார். கேட்டுக்கொண்டே, இருந்த கதிரையின் ஆணி லேசாக ஆடுகிறது என்று கண்டு, மேசையில் கிடந்த ஸ்பானரை எடுத்துத் திருகினார். கதிரைக் கால் வெடித்தது.

கோபம் வரவில்லை எனக்கு. போன வருடம் மகன் அழுததைப் பார்த்த மனுசன். வாசலில் நின்று சொன்னார்: “கோவிக்காதீங்க. புள்ளட கால் கழண்டாலும் திருப்பிப் பூட்டலாம், ஆணி கழண்டா அணி போயிடும்.”

இடம்புரி

அந்தச் சப்பாத்து இன்னுமொரு வெட்டைத்தான் தாங்கும். அதற்கு மேல் வெட்டினால் ஓட்டைதான் மிஞ்சும், சப்பாத்து மிஞ்சாது. வாப்பாவைத் தடுக்க ஏலாது. ஆகவே புரியைத் திருப்பினேன். பழைய கப்பல் கருவிப் பெட்டியொன்றில் கிடந்த இடம்புரி ஆணிகளை எடுத்து, அதற்கேற்ற புரியை வெட்டினேன். இதை இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். வாப்பா வழக்கம்போல வலப்பக்கம் திருகினால் இளகும்; பயந்துபோய்க் கையை எடுத்துவிடுவார் என்பது என் கணக்கு. ரிஸ்வானின் காதில் மட்டும் இரகசியத்தைப் போட்டேன்.

சிங்கராசா தலையை ஆட்டினான்: “புரியை மாத்திப்போட்டியள் அண்ணை. அந்தாளின்ரை கையை என்ன செய்யப் போறியள்?”

நிற்க முடியாத ஓட்டம்

ஞாயிறு காலை நானும் ஓட்டம் பார்க்கப் போனேன். ரிஸ்வான் ஆணிகளை இடப்பக்கம் திருகிச் சரிபார்த்துக்கொண்டு கோட்டில் போய் நின்றான். வாப்பா குனிந்து அவன் வலது காலைத் தூக்கிப் பிடித்துச் சப்பாத்துத் தூசியைத் தட்டினார். உள்ளங்கையில் அலன் கீ. மூன்று ஆணிக்கும் ஆளுக்கொரு கால் சுற்று, வலப்பக்கம். இளகுகிறதா என்று பார்க்க நேரமில்லை, விசில் ஊதிவிட்டார்கள்.

நிலாவெளிக்குப் போய்த் திரும்பும் வழியில் கட்டை நன்றாக இளகிவிட்டது. குதியைத் திருப்பினால் சப்பாத்துதான் திரும்பும்; இளகின கட்டை திரும்பாது, பெடலை விடாது. காலைக் கழற்ற வழியில்லை, நின்றால் விழவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, நகரத்துக்குள் உலாவுகிற மான்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கின. முன்னால் போனவர்கள் எல்லாரும் பிரேக் பிடித்துக் கால் ஊன்றினார்கள். ரிஸ்வானால் ஊன்ற முடியாது. கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் பூந்தான். மான்கள் மரியாதையாக விலகின. ஒரு கிடாய் மட்டும் முடிவுக்கோடு வரைக்கும் கூட ஓடி வந்து இரண்டாவதாக வந்தது. முதலாவது ரிஸ்வான். அணியில் அவன் பெயரை எழுதியும் விட்டார்கள்.

ஆனால் அவனால் நிற்க முடியவில்லை. கோட்டைத் தாண்டியும் சுற்றிச் சுற்றி ஓடினான். கடைசியில் வாப்பா பாய்ந்து கட்டிப்பிடிக்க, இருவரும் மணலில் விழுந்தார்கள். கால் சப்பாத்தை விட்டு வெளியே வந்தது. சப்பாத்து பெடலிலேயே தொங்கியது. வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்: “பாத்தீங்களா? நான் இறுக்கினதாலதான் இன்னும் கழரல்ல.”

மனுசன் இன்றைக்கும் கிண்ணியா முழுக்க அப்படியே சொல்லிச் சந்தோசமாகத் திரிகிறார், ஆகையால் இடம்புரிக் கதையை நீங்கள் ஆருக்குச் சொன்னாலும் பரவாயில்லை, சொன்னவன் நான் என்பதை மட்டும் வாயால் விட்டுவிடாதீர்கள்.