சினையோடு வந்த வாளை

அத்தாவுக்கு மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம். திருப்பூணித்துறையைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு பள்ள வயலும் இருந்தது. எடவ மாதத்தில் முதல் மழை கொட்டி ஆறு கலங்கியதும் வாளை மீன்கள் முட்டையிட அந்த வயலுக்கு ஏறி வரும். அவற்றுக்கு ஆழம் தேவையில்லை. முழங்காலளவு புது மழைத்தண்ணீரும், முட்டை ஒட்டிக்கொள்ளப் புல்லும் இருந்தால் போதும். குஞ்சு பொரிக்கும்வரை தண்ணீர் வற்றக்கூடாது. ஊரார் மீன் ஏறும் வழியிலேயே மூங்கில் கூடு வைத்துப் பிடிப்பார்கள். ஏறும் மீனைத் தொடக்கூடாது, முட்டையிட்டு இறங்கும்போது ஒன்றிரண்டு எடுக்கலாம் என்பது அத்தாவின் சட்டம். குஞ்சுகள் ஆற்றுக்குப் போகும்வரை வயலில் ஏர் இறங்காது. பிழைக்கத் தெரியாத மனுஷர் என்று கடைத்தெருவே சிரித்தது.

1950-களின் கடைசியில் அத்தா மவுத்தானார். வயலில் என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தேன். ஏறும் மீனுக்குக் கூடு வைக்கக்கூடாது என்று மட்டும் கேட்டேன். என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். முதல் மழைக்கு அவரே போட்டிலும் பஸ்ஸிலுமாக என்னை அழைத்துப்போவார். வாளைகள் சோடி சோடியாகப் புரண்டு புல்லெல்லாம் ஆடும். துப்பட்டி நனைய நின்று பார்ப்பேன். அத்தாவே அங்கே நிற்பதுபோல் இருக்கும்.

ஒரு வருடம் மழை கொட்டியும் அண்ணன் கூப்பிட வரவில்லை. இந்தத் தடவை மீனே ஏறவில்லை என்று சொல்லியனுப்பினார். ஐயோ பாவம் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

மறுநாளே அவர் கடை ஆள் சேம்பிலையில் சுற்றிய பெரிய வாளையோடு வந்து நின்றார். எங்கள் குடும்பத்தில் பெரிய மீன் கிடைத்தால் முதலில் உடன்பிறந்தாள் வீட்டுக்குத்தான் போகும். அரிவாள்மணையில் வைத்து வயிற்றைக் கீறினேன். மஞ்சள் சினை கைகொள்ளாமல் சரிந்தது. முட்டையிட்டு இறங்கிய மீனுக்கு வயிறு ஒட்டிக் கிடக்கும். வாக்கை மறந்த மனுஷருக்கு முறை மட்டும் மறக்கவில்லை!

ஆக்கி வைத்தேன், நான் ஒரு துண்டும் தொடவில்லை. என் வீட்டுக்காரரோ சினை வறுவலை ருசித்துச் சாப்பிட்டு, மச்சான் மச்சான்தான் என்றார். நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாயா குடித்துக்கொண்டிருந்தவர், நான் கேட்டதற்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சட்டியில போட்டா ஏறுற மீனும் எறங்குற மீனும் ஒண்ணுதான் தங்கச்சி" என்றார்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? அதன்பின் எடவம்தோறும் கூடு வைத்தார். எனக்கும் மீன் தவறாமல் வந்தது. வாசலோடு திருப்பியனுப்பினேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்கு அவரே வந்து கூப்பிட்டார். கூடெல்லாம் எடுத்தாச்சு, வா என்றார். போனேன். புதுத் தண்ணீர் இருந்தது, புல் இருந்தது, வாய்க்கால் திறந்தே கிடந்தது. பொழுது சாயும்வரை ஒரு புல்கூட ஆடவில்லை.

"வரும், நில்லு" என்றார் அண்ணன்.

"எதுண்ணே வரும்? என் சட்டியில வெந்ததா?"