ரீல்ஸ் பார்த்து வெளுத்த தலை

அந்த ரீல்ஸ் பெண் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், ஒரு பிரஷ், பின்னால் ஒரு பாட்டு. அரை நிமிஷத்தில் கறுப்பு முடி தேன் நிறமாகிவிடுகிறது. ஆம்பூரில் பார்லர் நடத்துகிற எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, அது யாரோ கைதேர்ந்தவர்கள் பல தடவை உட்காரவைத்து ஏற்கெனவே வெளுத்த முடி என்று. என் தங்கையிடம் சொன்னேன். “உனக்கு பிசினஸ் கம்மியாயிடும்னு சொல்ற” என்றாள்.

கல்யாணத்துக்கு அவளுக்கு அந்த நிறம் வேண்டும். செய்து தருகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் நம் முடி ஒரே நாளில் அப்படி வராது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு கொத்தில் போட்டுப் பார்க்கணும். நடுவில் தலைக்கு ஓய்வு கொடுக்கணும். இந்த ஊர் போர் தண்ணியில் அலசினால் நிறம் கெட்டுவிடும் என்று நான் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் தொண்டை வறள விளக்கினேன். அவள் போனில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே தலையாட்டினாள்.

அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பையனுக்கு டேனரியில் வேலை. தோலை வெளுக்க அங்கே பெராக்சைடு கேன் கேனாக வந்து இறங்கும். ரீல்ஸில் அதே பெயரைக் கேட்டதும் இவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைத் துரையும் ஒரு தண்ணி பாட்டிலில் பிடித்து வந்து நீட்டியிருக்கிறார். எருமைத் தோலே வெளுக்கிறது, முடி எம்மாத்திரம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களாம். பெயர் மட்டும்தான் ஒன்று. பார்லரில் நான் கலப்பது அதைவிடப் பல மடங்கு வீரியம் குறைந்தது. அதையே கையுறை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்துப் பூசிக்கொண்டாள். திரும்பி வந்தபோது குழாயடியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற முடி என் விரல்களோடு வந்தது. வேலூரில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, உச்சந்தலையில் வெந்துபோன இடத்தில் இனி முளைக்காது என்றார். அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. அக்கா பார்லர் வைத்திருந்தும் இப்படியா என்று தெருவே என்னைக் கேட்டது. பாட்டிலைக் கொண்டுவந்தவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவன் அம்மா பழத்தட்டோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கை தலையில் துணி கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு அந்தம்மா நேராக என்னிடம் வந்துவிட்டார்.

“சவுரி வெச்சு மேல சர்ச்சுக்குப் போடற கல்யாண நெட்டு போட்டுட்டா யாருக்கும் தெரியாதும்மா. நீ செய்யாத வேலையா? எம் புள்ள குடுத்தான்னு மட்டும் வெளிய சொல்ல வாணாம். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேல பூடும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில், வெந்தது இவள் தலை, உங்கள் கவலை அவன் வேலையா என்று கேட்டேவிட்டேன். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சமாகத்தான் போடச் சொன்னேன், அவள்தான் கேட்கவில்லை என்று முணுமுணுத்தான்.

தங்கை எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். தலையில் இருந்த துணியை அவிழ்த்தாள். திட்டுத்திட்டாக மிச்சமிருந்த முடியோடும் காயாத புண்ணோடும் தலையைக் குனிந்து காட்டினாள்.

“இன்னா பாக்கற? தொட்டுப் பாரு.”

அவன் ஒரு அடி பின்னால் போனான். கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். நாள் பூராவும் ஈரத் தோலை வெறுங்கையால் புரட்டுகிறவன்.

அவள் நிமிர்ந்து, அவசரப்படாமல் துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

“அத்த, பழத்த எடுத்துக்கினு போங்க” என்றாள்.